கையொப்பம் இல்லாத கோப்பு

பெயர், தேதி, காரணம். இந்த மூன்றையும் முதல் வரியில் எழுதாமல் கணினி நிர்வாகி எந்தக் கோப்பையும் மூடியதில்லை.

தம் கணினியில் அநாதையாக ஒரு வரிகூடக் கிடையாது என்று தேநீர் வேளையில் சொல்லிக்கொள்வார். மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் எல்லோருக்கும் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கண்ணாடி வில்லை அறுக்கும் இயந்திரத்தை ஓட்டும் நிரல் மிகப் பழையது. வேறொரு வகைக் கணினிக்காக எழுதப்பட்டது. அந்தக் கணினி உயிரை விட்டதும், நிரலை அலுவலகக் கணினிக்குக் கொண்டுவந்தார்.

இதற்கு அதன் பாஷை புரியாது. ஆகவே நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருளை வைத்தார். இந்த வகை நிரல் வந்தால் அதனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று, கணினி கண் விழிக்கும்போதே அதன் காதில் ஓதும் விதிக்கோப்பு ஒன்றும் கூடவே வந்தது.

விதியில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. அதைக் கையால் தட்டச்சிட்டுக் கொடுத்தால் நிரல் பொழுதெல்லாம் ஓடியது. இரவு அணைத்துக் காலையில் போட்டாலோ, கணினி எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுந்தது.

இப்படி ஒன்பது காலைகள். "இன்னைக்காவது தானா எழுந்திருக்குமா, இல்ல நீங்கதான் தட்டி எழுப்பணுமா?" என்று மேலாளர் கேட்கும்போதெல்லாம் நிர்வாகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்தாம் நாள் பிடிபட்டது. விதிகளுக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. மென்பொருளோடு வருபவை கீழ் அடுக்கில். நிர்வாகி வைப்பவை மேல் அடுக்கில். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் மேலே உள்ளதே செல்லும்.

மேல் அடுக்கில் அதே பெயரில் ஒரு கோப்பு இருந்தது. திறந்தார். வெறுமை. முதல் வரியும் இல்லை.

கையொப்பம் இல்லையென்றால் தம் கை இல்லை. கடவுச்சொல் தெரிந்த இன்னொருவர், தினமும் காலையில் கணினியைப் போடும் வில்லை அறுக்கும் அக்காதான்.

"பட்டனை அமுக்கறதத் தவிர நான் ஒண்ணும் தொடல தம்பி. சத்தியமா!"

அந்தக் காலையில் கூடி நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் நிர்வாகி அதை நம்ப மறுத்தார். புகார் எழுதிக் கொடுத்தார். அறுக்கும் மேசையின் சாவியை மேலாளர் வாங்கிக்கொண்டு, அக்காவைப் பொதி கட்டும் அறைக்கு அனுப்பினார். திங்கட்கிழமை முதல் வேலைக்கே வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அறை காலியானது. அந்தக் கோப்பை அழிக்குமுன், வழக்கப்படி முதல் வரியில் எழுதினார்: பெயர், தேதி, காரணம்.

சேமித்துவிட்டு மீண்டும் திறந்தார். வெறுமை.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுதினார். மறுபடியும் வெறுமை.

அப்போதுதான் உறைத்தது. அது கோப்பே அல்ல. போட்டதையெல்லாம் விழுங்கிவிடும் சூனியத்துக்குத் திறக்கும் வாசல். கீழே உள்ள விதியை ஊமையாக்க நிர்வாகிகள் வைக்கும் பூட்டு அது.

வைத்த தேதியைப் பார்த்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. அக்கா வேலைக்குச் சேர்ந்தே இரண்டு ஆண்டுகள்தான்.

அப்போதும் வேறெதனுடனோ சேர்ந்து இதே மென்பொருள் கணினிக்குள் வந்திருந்தது. பயன்படாத விதி எதற்கு என்று அன்று அதன் வாயை அடைத்தது தம் கைதான் என்பது நினைவுக்கு வந்தது. அன்றும் அந்தக் கை முதல் வரியை எழுதத்தான் செய்தது; வாசல் அதை விழுங்கிவிட்டது.

மேலாளரிடம் சாவியையும் புகார்த் தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டு, நிர்வாகி பொதி கட்டும் அறைக்கு நடந்தார். காலையில் வேடிக்கை பார்த்தவர்களையும் கூப்பிட்டார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்ற அக்காவின் கையில் சாவியை வைத்தார்.

"என்ன தம்பி, மறுபடி தூங்கிடுச்சா?"

ஒரு பெட்டியின் மேல் புகார்த் தாளை விரித்து, எல்லோரும் பார்க்க அதன் அடியில் எழுதினார். பெயர். தேதி.

காரணம்: நான்.