மைனஸ் ஒன்று

எல்லோரும் கும்பலாகச் சாப்பிடப் போய்விட்ட அலுவலகத்தில், சிப் வடிவமைக்கும் அவள் மட்டும் திரையை முறைத்துக்கொண்டிருக்கிறாள். மைனஸ் ஒன்று வரவேண்டிய இடத்தில் இருநூற்று ஐம்பத்தைந்து மார்தட்டிக்கொண்டு நிற்கிறது. மைனஸ் தெரியாத எண் ஒன்றே ஒன்று கலந்துவிட்டாலும், சிப்பை எழுதும் அந்த மொழி மொத்தக் கணக்கையும் மைனஸ் தெரியாததாகவே எடுத்துக்கொள்ளும்; எட்டு பிட்டில் மைனஸ் ஒன்று அப்போது ஆகப்பெரிய எண்ணாகிவிடும்; இல்லாதது எல்லாம் ஏராளமாக வேஷம் கட்டிவிடும். கலந்த எண்ணை வரிவரியாகத் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறாள். காலி நாற்காலிகளின் மேல் வெயில் ஊர்கிறது. மேஜையில் போன் அதிர்கிறது, அம்மா. “தனியாவா சாப்பிடறே?” “ஐயோ, இங்க ஒரே கூட்டம்மா, பேசவே விடமாட்டேங்கறாங்க” என்று சிரிக்கிறாள். போனை வைத்த பிறகு, அந்த இருநூற்று ஐம்பத்தைந்தைத் திருத்தாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.