பையைத் திறங்க!

வெள்ளைக்காரன் ஆட்சியை வெறும் எழுத்தாலேயே ஆட்டம் காண வைத்த தலைவரின் வீடு அது. இப்போது நினைவில்லம். அந்தப் பெண்மணி உள்ளே நுழைந்ததுமே காவலாளிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. சுவரில் இருந்த படங்களை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலைவர் உட்கார்ந்து எழுதிய மேசையையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

“அண்ணே, அவரைக் கைது பண்ண வந்த இன்ஸ்பெக்டர் படம் இங்க இருக்கா?”

“அந்தப் பாவி படம் எதுக்கும்மா? எழுதிட்டிருந்தவர் கையிலேர்ந்து பேனாவையே பிடுங்கிட்டுப் போனவன்! பாருங்க, பேனா ஸ்டாண்டு இன்னிக்கும் காலியாத்தான் கிடக்கு.”

அவள் முகம் சுருங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். அவர்களை வரிசையில் நிறுத்திவிட்டுக் காவலாளி திரும்பினால், அவள் வாசலை நோக்கி விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள்.

“நில்லுங்கம்மா! பையைத் திறங்க!”

டிக்கெட் கொடுக்கும் பெண் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். சீப்பு, மூக்குக் கண்ணாடி, வெறும் வெல்வெட் பெட்டி ஒன்று.

“ஒண்ணுமில்லண்ணே.”

காவலாளி நம்பவில்லை. மேசைக்கு ஓடினார். மைப் புட்டி இருந்தது, காகிதக் கட்டு இருந்தது, எதுவுமே குறையவில்லை. காலி ஸ்டாண்டில்தான் ஒரு கறுப்புப் பேனா நின்றுகொண்டிருந்தது.

வாசலுக்குத் திரும்பி வந்தவரிடம் அவள் மெல்லச் சொன்னாள்:

“அந்த இன்ஸ்பெக்டர் எங்க தாத்தா. என் பையில திருட்டுப் பொருள் இருந்தது உண்மைதாண்ணே. நீங்கதான் உள்ள வரும்போது பாக்காம விட்டுட்டீங்க.”