பள்ளத்தில் பஸ் நிலையம்

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில், கடைசி வரிசையிலிருந்து கசங்கிய சட்டைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"ஐயா, புது பஸ் நிலையத்தைப் பள்ளத்துல கட்டப்போறீங்க. முதல் மழைக்கே பஸ்ஸெல்லாம் மிதக்கும்!"

அரங்கமே கைதட்டியது. மக்கள் வாயால் ஒரு வார்த்தை கேட்டால் போதும், நகராட்சி ஆணையருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

"சபாஷ்! மெத்தப் படிச்ச நம்ம இன்ஜினீயருக்கு இது தோணலையே! மேட்டுக்கே மாத்திடலாம்." உதவியாளர் பக்கம் திரும்பினார். "பிளான் போட்ட அந்த ஆளை உடனே கூப்பிடுங்க!"

கசங்கிய சட்டைக்காரர் நெளிந்தார்.

"நான்தான் சார் அது. நாம ஃபைல்லதான் சந்திச்சிருக்கோம். இதையே மூணு தடவை எழுதி அனுப்பினேன். 'சொன்ன இடத்துல போடு'ன்னு திருப்பி அனுப்பிட்டீங்க. அதான், இன்னிக்கு லீவு போட்டுட்டுப் பொதுமக்களா வந்துட்டேன்."