நாத்தனார் சொன்ன குறை

“ஒரே உப்பு! வாய்ல வைக்க முடியல. இதை எப்படித்தான் திங்கிறதோ!”

நாத்தனார் தட்டைத் தள்ளி வைத்தார். பஸ் கண்டக்டர். கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த சொந்தபந்தம் மொத்தமும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது.

பாப்பாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. கல்யாணமாகியும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். புது வீட்டில் அவள் வைக்கிற முதல் விருந்து இது. மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்கு லீவு போட்டு, ஒரு முழு ஹாம் வாங்கி, மேலே தேன் தடவி, காலையிலிருந்து அடுப்பை விட்டு நகராமல் வேக வைத்திருந்தாள். பன்றித் தொடையை அவளைப் போலப் பக்குவமாய் வேக வைக்க ஆள் கிடையாது என்று அப்பா எப்போதும் சொல்லுவார். அந்த அப்பா முன்னாலேயே இப்படி ஒரு பேச்சு!

அப்பா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். ‘பாவம், எனக்காக மனசு நோகிறார்’ என்று நினைத்துக்கொண்டாள்.

“அக்கா, நல்லாத்தானே இருக்கு?” என்றான் கணவன்.

“உனக்கு நாக்கு செத்துப் போச்சுடா. வையுங்க, எல்லாரும் அப்படியே வையுங்க. பாப்பா, நீ ஐஸ்கிரீமை எடுத்துட்டு வா.”

அவ்வளவுதான். எல்லாத் தட்டிலும் ஹாம் பாதியில் நின்றுபோயிற்று.

கிளம்பும்போது நாத்தனார் சமையலறைக்குள் வந்தார்.

“மிச்ச ஹாம் இருக்குல்ல? அதைக் கட்டிக் கொடு.”

காதில் தப்பாக விழுந்ததோ என்று பாப்பா விழித்தாள். “எதை அண்ணி?”

“அதான், ஹாமை. எலும்பு வேணாம், சதையை மட்டும்.”

“வாய்ல வைக்க முடியலைன்னீங்களே?”

“அதுக்காகத் தூக்கியா போடுவாங்க? கட்டு, கட்டு.”

கட்டிக் கொடுத்தாள். அவர் படி இறங்கியதும் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, உங்க அக்காவுக்கு என்னதான் வேணுமாம்?”

“கூடப் பொறந்த எனக்கே இன்னும் புரியல. நேத்து வந்த உனக்குப் புரிஞ்சிடுமா?”

மறுநாள் காலை நாத்தனாரிடமிருந்து போன். “வீட்ல மயோனைஸ் தீர்ந்து போச்சு. உன்கிட்ட பாட்டில் இருந்தா கொண்டு வாயேன்.”

ஹாமும் என்னோடது, மயோனைசும் என்னோடதா? பாப்பா பொருமிக்கொண்டே பாட்டிலோடு போனாள்.

நாத்தனார் ஹாமை மிக்ஸியில் அடித்துக்கொண்டிருந்தார். விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் ஒரு சுற்று விட்டார்.

“என்ன அண்ணி, மாவு மாதிரி அரைக்கிறீங்க?”

“சாலட்டு. குளுகுளுன்னு சாப்பிடுறது.”

அவித்த முட்டையை மசித்தார். வெள்ளரிக்காயில் விதையை வழித்து எறிந்துவிட்டுப் பூப்போலத் துருவினார். மயோனைஸ், கொஞ்சம் கிரீம், ஒரு சிட்டிகை மிளகுத்தூள்.

“வெங்காயம் நறுக்கிப் போட்டா கறுக்குமுறுக்குன்னு நல்லா இருக்குமே?”

“ஐயோ, வேணாம். கறுக்குமுறுக்குன்னு ஒண்ணுமே இருக்கக் கூடாது.”

“உப்பு போக ஹாமைத் தண்ணியில போட்டு எடுத்தீங்களா?”

“எதுக்கு? உப்பு கச்சிதமா இருக்கே. நல்ல கைப்பக்குவம் உனக்கு.”

பாப்பாவுக்குத் தலை சுற்றியது. நேற்றுப் பேசிய வாயா இது?

“யாருக்கு அண்ணி இதெல்லாம்?”

“வேண்டியவங்களுக்கு.” டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். “ஜில்லுன்னு ஆகட்டும். நீ கிளம்பு, எனக்கு மதியம் டூட்டி.”

நாள் முழுக்க அவளுக்குக் கடையில் வேலையே ஓடவில்லை. ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டிவிட்டாள். சாயங்காலம் நேராக அப்பா வீட்டுக்குப் போனாள். யாரிடமாவது கொட்டித் தீர்த்தால்தான் ஆறும்.

கதவைத் திறந்த அப்பாவைப் பார்த்ததும் சொல்ல வந்தது மறந்து போயிற்று. இரண்டு கன்னமும் உள்ளே ஒட்டிப் போயிருந்தன.

“என்னப்பா இது?”

“பல் செட்டு உடைஞ்சு போச்சும்மா. போன வாரமே. இன்னும் புதுசு வரல.” கூச்சத்தோடு வாயை மறைத்துக்கொண்டார். “உனக்குத்தான் போன் பண்ணலாம்னு இருந்தேன். உன் நாத்தனார் பஸ்ஸை நிறுத்திட்டு, டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க மாடியேறி வந்து கொடுத்துட்டுப் போனாங்க.”

மேஜையில் அதே டப்பா. பாதிக்கு மேல் காலி.

“நேத்து ஒரு துண்டு கூட மெல்ல முடியல பாப்பா. இன்னிக்குத்தான் நீ வெச்ச ஹாமை வயிறாரச் சாப்பிட்டேன்.”

“நேத்தே ஏம்பா என்கிட்ட சொல்லல?”

“அத்தனை பேர் முன்னாடி எப்படிம்மா சொல்றது? தட்டு நிறைய அப்படியே இருக்கு. யாராவது ஏன் சாப்பிடலைன்னு கேட்டுடுவாங்களோன்னு கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன்.”

இன்னொரு ஸ்பூன் எடுத்து, கண்ணை மூடி ருசித்தார்.

“ஆனா நீ கெட்டிக்காரி. பெத்த பொண்ணுக்குத்தான் அப்பன் கஷ்டம் கண்ணுல படும்.”

“நானா?”

“மறைக்காதே. அந்தம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. என் தட்டை யாரும் பார்த்துடக் கூடாதுன்னு, உன் சமையலையே அவ்வளவு சத்தமாக் குறை சொல்லச் சொன்னது நீதானாமே?”