கோகுலன் அண்ணைக்கு ஒரு அழைப்பு

2025 செப்டெம்பர் 10, புதன்

இன்று மாலை ஆங்கில வகுப்பில் ஒரு சிறு பிழை விட்டேன். நெருங்கிய நண்பனின் பெயரைச் சொல்லும்படி நேசமலர் ரீச்சர் கேட்டபோது "கோகுலன்" என்று சொல்லிவிட்டேன். கோகுலனை நான் கண்டதே இல்லை.

அந்தப் பெயர் சில வாரங்களாக என் காதுக்குள் கிடக்கிறது. என் பக்கத்தில் இருந்து படிக்கும் தேனுகா, இடைவேளை விட்டதும் விறாந்தைக்குப் போய் முதலில் அவனுக்குத்தான் அழைப்பாள்.

"கோகுலன் அண்ணை, சுகமா இருக்கிறீங்களோ? விசுவமடுப் பக்கம் மழையாம், கவனமா ஓடுங்கோ. ஏதும் சத்தம் கேட்டா உடன எனக்கு எடுங்கோ, என்ன?"

கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் விற்கும் கடை ஒன்றில் அவளுக்கு வேலை. வாங்கியவர்களை இப்படி விசாரிப்பதும் அந்த வேலைதான். தெரிந்தும் எனக்கு வயிறு எரிந்தது.

ஏனென்றால் உள்ளே வந்ததும் அவள் குரல் மாறிவிடும். "எருமை, என்ரை ரோல்ஸை ஏன் திண்டனி?" என்பாள். உருத்திரபுரத்திலிருந்து நான் சைக்கிள் உழக்கி வருவதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தத் தேன் குரல் எனக்கும் கிடைக்காதா என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"நானும் பைக் ஒண்டு எடுக்கப் போறன்."

"உனக்கென்னத்துக்கு? சைக்கிளே போதும், போ."

"காசு வச்சிருக்கிறன்."

"அப்ப வேற கடையில எடு. எங்கட பக்கம் வந்திடாதை!"

கோகுலனுக்கு மழையில் கவனம். எனக்குக் கடை வாசலும் இல்லை. போன வாரம் அவள் லீவில் நின்ற நாளாகப் பார்த்துப் போய், சிறுபோக நெல் விற்ற காசைக் கட்டி, சிவப்பு பைக் ஒன்றை என் பெயரில் எடுத்தேன். அவளுக்குச் சொல்லவில்லை. வகுப்புக்கும் சைக்கிளிலேயே வந்தேன். செய்தது சரியா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இன்று இடைவேளையில் யன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த தாளில் ஒரு பெயரைக் கண்டதும் அவள் விரல் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கடையில் கொடுத்த கைத்தொலைபேசியில் எண்ணை அழுத்தினாள். என் சட்டைப் பை அதிர்ந்தது.

"வணக்கம் மதுசன் அண்ணை. புதுப் பைக் எப்படி ஓடுது?"

அதே தேன் குரல். ஆனால் "அண்ணை" என்ற சொல் நெஞ்சில் கல்லாக விழுந்தது.

"தேனுகா, நான்தான்!"

"முதல் சேர்விஸுக்கு மறக்காமல் வாங்கோ அண்ணை. எங்கட சேவை உங்களுக்குத் திருப்தியோ?"

"ஓம்" என்றேன்.

உள்ளே வந்தவள் என் பக்கத்தில் இருக்கவில்லை. பின்வரிசை வாங்கில் வினோஜாவுக்கு அருகில் போய் இருந்தாள். வகுப்பு முடிந்ததும் வாசல் படலையடியில் அவளை மறித்தேன்.

"ஏன் என்னை அண்ணை எண்டனி?"

"பைக் வாங்கின ஆக்கள் எல்லாரும் எங்களுக்கு அண்ணைதான். அவையோட காதல் கீதல் எண்டு முதலாளிக்குக் கதை போனா அண்டைக்கே வேலை போச்சு. போன மாசமும் ஒருத்தியை வேலையால நிப்பாட்டினவை."

"அதை ஏன் எனக்குச் சொல்லுறாய்?"

அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"விசரா, அதுக்குத்தானே வேற கடையில எடு எண்டனான்!"

நாளை: பைக்கை அப்பாவின் பெயருக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று விசாரிக்க வேண்டும்.