மார்கரேத்தாவின் இரண்டு மரணங்கள்

மார்கரேத்தா இரண்டு தடவை செத்திருந்தாள்.

1866இல் ஜெர்மனியில், பதினேழு வயதில் ஒருமுறை. 1909இல் லண்டன் வைட்சப்பலில், சீனி ஆலைத் தொழிலாளியின் மனைவியாக இன்னொருமுறை.

இன்று அதே லண்டனில், பிளேஸ்டோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிறேமினி கணினித் திரையில் பதிவேட்டுப் படத்தைப் பெரிதாக்கினாள். பழைய ஜெர்மன் கையெழுத்து அவளுக்கு வாசிக்க வரும். ஸ்டுட்கார்ட்டில் முதியோர் இல்லத்தில் வேலை செய்தபோது, கண் மங்கியவர்களுக்குக் கடிதம் வாசித்துக் காட்டிப் பழகியது.

மார்கரேத்தா, மருமகள் ஹெலனின் பாட்டிக்குப் பாட்டி. பேத்தி பிறந்து நாற்பத்தொரு நாள். நாற்பத்திரண்டு நாளுக்குள் பெயர் பதிய வேண்டும்.

போனில் மகன் ஆரணன் சிரித்தான். "மார்கரேத்தா பிறேமினி. ரெண்டு கிழவியளையும் சேர்த்தே வைக்கிறம். நாளைக்குப் பத்து மணிக்குக் கவுன்சிலுக்குப் போறம் அம்மா. பிழை ஏதும் இருந்தா இப்பவே சொல்லுங்கோ."

"ஒருக்காப் பொறு."

மார்கரேத்தா பிறந்த ஜெர்மன் ஊரின் தேவாலயப் பதிவேட்டில் ஒரு வழக்கம். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை இறந்துபோனால், பாதிரியார் பழைய பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பெயரருகே சின்னச் சிலுவை போடுவார்.

மார்கரேத்தாவின் பெயரருகே சிலுவை இருந்தது, 1866 என்ற ஆண்டோடு.

ஹெலன் வீட்டில் இன்றும் இருக்கும் மார்கரேத்தாவின் பணிப்பெண் புத்தகம், வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஜெர்மன் பொலிஸ் கொடுத்த அடையாளப் புத்தகம். அது இல்லாமல் அங்கே யாரும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள். அதிலும் அதே பெயர், அதே ஊர், 1849 என்ற அதே பிறந்த ஆண்டு.

பத்து வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாக வந்த லண்டன் கணக்கெடுப்பில் மட்டும் அவளுக்கு எப்போதும் நாலு வயது குறைவு.

கணக்கெடுப்பவன் பேப்பர் கேட்பதில்லை. வாசலில் நின்று வாயால் கேட்பான். வாய் அசந்து உண்மையைச் சொல்லிவிடும்.

பிறேமினி நாலு வருடம் தள்ளி, 1853ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திறந்தாள். அதே தகப்பன், அதே தாய். பிள்ளையின் பெயர் எலிசபெத். சிலுவை இல்லை. அதன்பிறகு அந்த ஊரில் அவளுக்குக் கல்யாணமும் இல்லை, அடக்கமும் இல்லை.

அவளுக்காவது ஒரு பதிவேடு மிஞ்சியிருந்தது. பிறேமினியின் ஊரில் அது பதிவு அலுவலகக் கந்தோரோடு எரிந்துபோனது. தேடுவதற்கு இனி ஒன்றுமில்லை.

"மார்கரேத்தா இல்லை, எலிசபெத்," என்றாள் போனில். "செத்த தமக்கையின்ர புத்தகத்தில வந்த தங்கச்சி."

ஆரணன் பெயரை மாற்றிச் சொல்லிப் பார்த்தான். "அப்ப எலிசபெத் பிறேமினி. வேற பிழை ஒண்டும் இல்லையே?"

"இல்லை."

போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

1985இல் ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் அவள் நீட்டிய பாஸ்போர்ட் அக்காவுடையது. அப்போது அக்கா செத்து ஐந்து மாதம்.

அக்காவின் பெயர் பிறேமினி.