ஆறாவது சட்டத்தரணி

இது நான் நேரில் கண்டதல்ல. வவுனியாவில் ஒரு சூரிய மின்சாரக் கம்பனியின் சட்டப் பிரிவில் எனக்கு முன் வேலை செய்த தனுஷா சொன்னது. சொல்லும்போதே கோபத்தில் அவளுக்குக் குரல் நடுங்கியது.

அந்தப் பக்கத்தில் காணி வழக்குப் பேசும் ஐந்து சட்டத்தரணிகளும் கம்பனியின் பட்டியலில் இருந்தார்கள். வழக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதக் கட்டணம் போகும். பட்டியலில் உள்ளவர் கம்பனிக்கு எதிராக வழக்குப் பேச முடியாது. அதற்காகத்தான் அத்தனை பேர் என்பது தனுஷாவுக்குப் பிறகுதான் விளங்கியது. ஆறாவது ஆளையும் எடுக்கும்படி கொழும்பிலிருந்து கட்டளை வந்தது.

நேர்முகத்தன்று காலை ஒட்டுசுட்டானிலிருந்து அமராவதி என்றொரு அம்மா வந்தார். கம்பனியின் வேலி அவருடைய வயலுக்குள் இறங்கியிருந்தது.

"விதைப்புக்கு மூண்டு கிழமைதான் கிடக்கு, மிஸ். அஞ்சு லோயரிட்டயும் போயிட்டன். எல்லாரும் உங்கட ஆக்களாம்."

முகாமையாளர் விமலேஸ்வரி தலை நிமிரவில்லை.

"அதுக்கு நான் என்ன செய்யிறது? எங்கட லிஸ்ற்றில இல்லாத ஆளாப் பாத்துப் பிடியுங்கோ."

"அப்பிடி இனி ஆர் மிச்சம்?"

"அதை என்னட்டக் கேக்காதேங்கோ. பஸ் ரெண்டு மணிக்குத்தானே? கீழ படியில போய் இருங்கோ."

"நாலு கதிரை சும்மா கிடந்தது" என்றாள் தனுஷா. "அந்த மனிசியைப் படியில இருத்தினவா."

அடுத்து நேர்முகத்துக்கு றிஃபாத் வந்தார். இளம் சட்டத்தரணி. சேர்ட் வியர்வையில் நனைந்திருந்தது.

"பூவரசங்குளத்தில இருந்து எப்பிடி வந்தனீங்கள்?"

"பஸ்ஸில, மிஸ்."

"கார் இல்லையோ? ஒஃபிஸ்?"

"கார் இல்லை. ஒஃபிஸ் வீட்டு முன்னறைதான்."

"பஸ்ஸில தொங்கிக்கொண்டு வாற லோயரை வைச்சோ நாங்கள் வழக்குப் பேசுறது?"

றிஃபாத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீதிபதி வழக்கைப் பாக்கிறவரோ, வாகனத்தைப் பாக்கிறவரோ?"

"எங்களுக்கு வாகனமும் வேணும். போயிட்டு வாங்கோ."

"உங்களுக்கு எதிரா ஒரு வழக்குக் கிடைச்சா, காசு வாங்காமப் பேசுவன்!"

"பேசுங்கோவன். ஆர் பிடிச்சு வைச்சது?"

கதவு அறைந்து சாத்தப்பட்டது. சான்றிதழ்களை அவர் மேசையிலேயே விட்டுவிட்டார். தனுஷா அவற்றை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். படியில் அமராவதி அவரை மறித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நீங்களும் இவையின்ர லோயரோ?"

"இல்லையம்மா. நான் இவைக்குத் தகுதியில்லாத லோயர்."

"அப்ப எனக்காகக் கதைப்பியளோ?"

றிஃபாத் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல இருந்து சொல்லுங்கோ, அம்மா."

இரண்டு கிழமையில் வேலிக்கு நீதிமன்றத் தடை வந்தது. அமராவதி நேரத்துக்கு விதைத்தார்.

தனுஷா அதைப் பார்த்துச் சந்தோசப்படக்கூட அங்கே இருக்கவில்லை. நேர்முகம் நடந்த அன்றே வேலையை விட்டுவிட்டாள். "கார் இல்லாதவன் மனிசனில்லையோ? அவாவின்ர முகத்தில இனி முழிக்க மாட்டன்" என்றாள்.

எனக்கும் கோபம்தான். ஆனால் எங்கள் வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள் நான். எனக்கு இந்த வேலை வேண்டும். விமலேஸ்வரிக்குத் தினமும் காலை வணக்கம் சொன்னேன். மனதுக்குள் திட்டினேன்.

போன கிழமை அவர் கேட்ட வேறொரு கடதாசியைத் தேடும்போது அந்த நேர்முகக் கோப்பு கையில் அகப்பட்டது. திறந்து பார்த்தேன்.

அடியில், சொந்த வாகனம் இல்லை என்று றிஃபாத்தே எழுதியிருந்த விண்ணப்பத்தோடு, அவருடைய நியமனக் கடிதம் இருந்தது. விமலேஸ்வரியின் கையெழுத்து, கம்பனி முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. நேர்முகத்துக்கு முதல்நாள் திகதி. அனுப்பப்படவில்லை.